ஸ்டாண்டர்டு கார்களும் அதிர்வுத்தாங்கி உதிரிபாகங்களும்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, கெசல், ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை தமிழ்நாட்டு மோட்டார் வரலாற்றில் தனி இடம் பெற்ற கார்கள் ஆகும். இவற்றில் ஹெரால்டு, பிரிட்டனில் புகழ்பெற்ற டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் நெருங்கிய உறவு. ஸ்டாண்டர்டு 2000, பந்தயங்களிலும் ஓடிய ரோவர் எஸ்டி1 காரின் இந்திய வடிவம். நிறுவனம் 1988-இல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் பிறகு இந்தக் கார்களை வைத்திருப்போருக்கு மிகுந்த சிரமம் தருபவை அதிர்வுத்தாங்கி, ஸ்டிரட் முதலிய சஸ்பென்ஷன் பாகங்களே. எஞ்சினை எந்த ஊரிலும் ஓரளவு சரிசெய்துவிடலாம். உள்ளே எண்ணெய் அடைத்து மூடப்பட்ட அதிர்வுத்தாங்கியை அப்படிச் செய்ய இயலாது.

அந்தப் பாகங்கள் எவ்வாறு உருவாயின, ஏன் கிடைக்காமல் போயின, இன்று கட்டுப்படியாகும் விலையில் அவற்றை எவ்வாறு தேடுகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிர்வுத்தாங்கியும் ஸ்டிரட்டும்

சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கார் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத்தாங்கி. ஒரு குழாய்க்குள் எண்ணெய் இருக்கும். அதில் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன் மேலும் கீழும் செல்லும். எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிப் பாயும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஸ்டிரட் என்பது இதிலிருந்து ஒரு படி முன்னே சென்ற அமைப்பு. சாதாரண அதிர்வுத்தாங்கி ஆட்டத்தை அடக்கும் வேலையை மட்டும் செய்கிறது. சக்கரத்தை இடத்தில் நிறுத்திவைப்பது வேறு கரங்களின் வேலை. ஸ்டிரட்டோ, அதிர்வுத்தாங்கியாக இருப்பதோடு சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கிறது. முன்சக்கரத்தில் அமைந்தால் ஸ்டியரிங் திரும்பும்போது அதுவும் சேர்ந்து திரும்பும். எனவே ஸ்டிரட் கெட்டுவிட்டால் பயணச் சுகம் குறைவதோடு நிற்பதில்லை. பிரேக், திருப்பம், டயர் ஆகிய மூன்றும் பாதிக்கப்படும்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்பர்சன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு சிறிய காருக்காக இதை வடிவமைத்தார். அந்தத் திட்டம் 1947-இல் கைவிடப்பட்டதும் ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றார். பிரிட்டனில் 1950-இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் மூலம் மக்பர்சன் ஸ்டிரட் பரவலாக அறியப்பட்டது. குறைந்த பாகங்கள், குறைந்த செலவு, எஞ்சினுக்குக் கூடுதல் இடம் ஆகியவற்றால் பிற்காலத்தில் உலகின் பெரும்பாலான சிறு கார்கள் இதையே ஏற்றன.

வண்டலூர் தொழிற்சாலை

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் பதிவு செய்யப்பட்டது. சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் இணைந்து இதைத் தொடங்கின. வண்டலூர் தொழிற்சாலை 1949-இல் திறக்கப்பட்டது. முதலில் வேன்கார்டு, பிறகு எய்ட், டென் ஆகிய கார்கள் வெளிவந்தன.

அக்காலத்து அரசுக் கொள்கை இத்தொழிலை வடிவமைத்தது. 1953-ஆம் ஆண்டு தீர்வை ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டுமே தொடர அனுமதிக்கப்பட்டன. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார்ப் பாகங்களை உள்நாட்டில் செய்யவேண்டிய கட்டாயம் உதிரிபாகத் தொழிலை வளர்த்தது. அதிர்வுத்தாங்கிகளைத் தயாரிக்கும் காப்ரியல் இந்தியா 1961-இல் பம்பாயில் தொடங்கியதும் இந்தச் சூழலில்தான்.

ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும்

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் பிரிட்டனில் அறிமுகமானது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி அதன் உருவத்தை அமைத்தார். 948 சிசி எஞ்சின், தனிச் சேசிஸ், முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும் பானட், குறுகிய சந்திலும் திரும்பிவிடும் ஸ்டியரிங் ஆகியவை இதன் அடையாளங்கள். 1961 முதல் இது வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. 1960-களின் இறுதியில் வந்த மார்க் 3, இந்தியாவுக்கென்றே நான்கு கதவுகளுடன் அமைக்கப்பட்டது.

இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதன் சஸ்பென்ஷனையே பொருத்தி 1962-இல் டிரையம்ஃப் வெளியிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை சுமார் 3,14,000 ஸ்பிட்ஃபயர்கள் தயாராயின. ஹெரால்டு குடும்பத்தின் முன்சக்கரத் தாங்கிகளை லோட்டஸ் போன்ற நிறுவனங்களும் தம் ஸ்போர்ட்ஸ் கார்களில் பயன்படுத்தின. வண்டலூரில் சாதாரணக் குடும்பக் காராக வெளிவந்த ஒரு வண்டிக்கு உலகெங்கும் இத்தனை உறவுகள் இருந்தன.

ஹெரால்டின் முன்பக்கத்தில் உள்ளது மக்பர்சன் ஸ்டிரட் அன்று. மேலும் கீழும் இரண்டு கரங்கள் சக்கரத்தைத் தாங்க, நடுவில் சுருள் ஸ்பிரிங்கும் அதிர்வுத்தாங்கியும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும். பார்வைக்கு ஸ்டிரட் போலவே இருப்பதால் பட்டறைகளில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுவார்கள். கடையில் பாகம் கேட்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் தவறான பொருளை வாங்கச் செய்துவிடும். பின்பக்கத்தில் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் குறுக்காக வைக்கப்பட்டு இரு சக்கரங்களையும் தாங்கியது. வேகமாக வளையும்போது பின்சக்கரம் உள்நோக்கி மடங்கும் குறை இதற்கு உண்டு.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. விலையுயர்ந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், உள்நாட்டுக் காரின் சஸ்பென்ஷனை இறக்கியும் இறுக்கியும் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். பழைய பாகத்தை அளந்து வேறு பாகத்தைப் பொருத்தும் கைத்திறன் வளர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

காவிரிப் படுகைச் சாலைகள்

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலக்கிழார்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரே பெரும்பாலும் கார் வைத்திருந்தனர். குடவாசல், நன்னிலம், மன்னார்குடி போன்ற ஊர்களின் சாலைகள் பெரும்பாலும் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிச் செல்பவை. இங்குள்ள களிமண் மழைக்காலத்தில் ஊறிப் பருக்கும். கோடையில் வெடித்துச் சுருங்கும். அதனால் மேலே போட்ட சாலை அலை அலையாகிவிடும். சிறிது தொலைவுக்கு ஒரு மதகு, அதன் இருபுறமும் இறங்கிய மண், அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய நெல்லும் வைக்கோலும் என, சஸ்பென்ஷனுக்கு ஓய்வே கிடையாது.

ஹெரால்டின் முன்சக்கரத்தின் அடியில் டிரன்னியன் எனப்படும் வெண்கலப் பாகம் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு இதற்குள் மரையில் திரும்புகிறது. இதற்குக் கியர் ஆயில் விடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய பட்டறைகள் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவது உண்டு. கெட்டிப்பட்ட கிரீஸைத் தாண்டித் தண்ணீர் இறங்கினால் தண்டு துருப்பிடித்து ஒரு நாள் முறிந்துவிடும். சேறும் தண்ணீரும் மிகுந்த வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. பாகம் கிடைப்பது போலவே பாகத்தைப் பற்றிய அறிவு கிடைப்பதும் இன்றியமையாதது.

அந்த அறிவும் கருவிகளும் இவ்வட்டாரத்தில் வேறு தொழில்கள் வழியாக வந்து சேர்ந்திருந்தன. அரிசி ஆலைகள், ஆயில் எஞ்சின்கள், பம்புசெட்டுகள் ஆகியவற்றுக்காக நகரங்களில் லேத் பட்டறைகள் இருந்தன. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பேருந்து, லாரிகளை நம்பி ஸ்பிரிங் பட்டறைகள் நடந்தன. உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி வளைத்துக் கட்டுவது இங்குப் பழகிய வேலை.

கெசல்: எளிமையை நோக்கி

1972-இல் ஹெரால்டின் இடத்தில் கெசல் வந்தது. தனித்தனியே அசைந்த ஹெரால்டின் பின்சக்கர அமைப்பைக் கைவிட்டு, ஒரே அச்சும் இருபுறமும் நீளவாக்கில் லீஃப் ஸ்பிரிங்கும் கெசலில் பொருத்தினார்கள். தொழில்நுட்ப வளர்ச்சியின் பார்வையில் இது ஓர் அடி பின்வாங்கல். பழுதுபார்ப்பவரின் பார்வையில் ஓர் அடி முன்னேற்றம். அந்த ஸ்பிரிங்கை எந்தச் சிற்றூர்ப் பட்டறையும் கழற்றிக் கட்ட முடியும்.

எனினும் கெசல் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1977-இல் நிறுவனம் கார் தயாரிப்பை விட்டு, ஸ்டாண்டர்டு 20 என்னும் சிறு வணிக வண்டியில் கவனம் செலுத்தியது.

மாருதியும் ஸ்டாண்டர்டு 2000-உம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் முன்சக்கரங்களில் இருந்தது மக்பர்சன் ஸ்டிரட். அதுவரை அம்பாசடர், பியட் கார்களையே பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது புதிய பாடம். மாருதி லட்சக்கணக்கில் பெருகியதும் அதன் ஸ்டிரட் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும் பொருளாயிற்று. பல நிறுவனங்கள் போட்டியிட்டுச் செய்ததால் விலையும் கட்டுக்குள் இருந்தது.

வண்டலூரும் அதே பத்தாண்டில் ஸ்டிரட் பொருத்திய ஒரு காரை வெளியிட்டது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனில் 1976-இல் அறிமுகமாகி 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1-ஐத் தழுவியது. இந்தியச் சாலைக்காகத் தரையிலிருந்து உயரம் கூட்டப்பட்டது. எஞ்சின் மட்டும் பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சின். புதிய உடலுக்குள் பழைய இதயம் வைத்த இந்தக் கார், விலை உயர்ந்தும் விற்பனை குறைந்தும் தடுமாறியது. 1988-இல் தயாரிப்பு நின்றது.

மாருதியின் ஸ்டிரட்டும் ஸ்டாண்டர்டு 2000-இன் ஸ்டிரட்டும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. ஒன்று இன்று எளிதாகக் கிடைக்கிறது. மற்றொன்று தேடினாலும் கிடைப்பதரிது. இதற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று, எண்ணிக்கை. சில ஆண்டுகளே தயாரான ஒரு காருக்காக எந்த உதிரிபாக நிறுவனமும் அச்சு செய்து வைத்திருக்காது. எஞ்சிய எஸ்டி1 உதிரிபாகங்களைப் பிரிட்டனைச் சேர்ந்த ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிரிட்டனிலிருந்து வந்த காரின் பாகங்கள் பிரிட்டனுக்கே திரும்பின. இங்குள்ள உரிமையாளர் தம் ஊர்ச் சரக்கையே அயல்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

உதிரிபாகச் சந்தைகள்

தமிழ்நாட்டில் பழைய கார்ப் பாகங்களைத் தேடுவோர் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஜி.பி. ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். புதிய பாகங்களும், விற்காமல் தங்கிய பழைய சரக்கும் இங்குக் கிடைக்கும். மற்றொன்று கூவம் கரையில் உள்ள புதுப்பேட்டை. இது கழற்றிய பாகங்களின் சந்தை. உடைக்க வந்த கார்களின் பாகங்கள் இங்கே தனித்தனியே பிரிக்கப்பட்டு விற்பனையாகும்.

குடவாசல் போன்ற ஊரிலிருந்து தேடுபவர் முதலில் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி எனக் கேட்டுப் பார்த்துவிட்டு, இறுதியில் கழற்றிய பாகத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சென்னைக்குச் செல்வது வழக்கம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பாகத்தைக் காட்டிக் கேட்பதே பயன் தரும். மூன்றாவது வழி வெளிநாட்டிலிருந்து தருவிப்பது. ஸ்பிட்ஃபயரை இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுவதால் அதன் பாகங்களைப் பிரிட்டன் நிறுவனங்கள் புதிதாகவே செய்துவருகின்றன. சுங்கவரியும் கப்பல் செலவும் சேர்ந்தால் விலை ஏறும். ஆனாலும் கிடைக்கும் என்ற உறுதி உண்டு.

மாற்றுப் பாகம் தேர்ந்தெடுக்கும் முறை

உரிய பாகம் கிடைக்காதபோது வேறு காரின் அதிர்வுத்தாங்கியைப் பொருத்துவது பழைய கார் உலகில் பரவலான வழக்கம். அதற்குப் பின்வரும் அளவுகள் தேவை.

முழுதும் அழுத்திய நீளம், முழுதும் இழுத்த நீளம் ஆகிய இரண்டையும் அளக்க வேண்டும். அழுத்திய நீளம் கூடுதலாக இருந்தால், பள்ளத்தில் விழும்போது அதிர்வுத்தாங்கியே அடிவாங்கி உடையும். இழுத்த நீளம் குறைவாக இருந்தால் சக்கரம் தொங்கும்போது அதன் தண்டு பிடுங்கப்படும்.

மேலும் கீழும் உள்ள பிடிப்பு வளையமா, மரையிட்ட தண்டா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள்விட்டமும் அகலமும் ஒத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங் உட்காரும் தட்டின் உயரமும் விட்டமும் அடுத்தவை. ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பல பாகங்கள் பொதுவானவை என்றாலும் ஸ்பிரிங்கின் நீளமும் வலுவும் வேறுபடும். உறவு என்பதற்காக அளக்காமல் வாங்கக் கூடாது.

கடைசியாகக் காரின் எடை. கனமான காருக்குச் செய்த அதிர்வுத்தாங்கி இலேசான ஹெரால்டில் மிக விறைப்பாக இருக்கும். கார் சாலையில் தத்தித் தத்திச் செல்லும். டயர் பிடிப்பு குறையும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. கடைக்குக் கடை அலையும்போது அந்தத் தாள் ஒரு மெக்கானிக்குக்குச் சமம்.

புதுப்பித்தல்

மாற்றே கிடைக்காதபோது பழையதைப் புதுப்பிப்பதே வழி. 1970-களின் ஸ்டிரட்டுகள் பலவற்றில் மேலே ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, கார்ட்ரிட்ஜ் எனப்படும் அடைத்த உருளையை இறக்கலாம். வெளிக்குழாயும் சக்கரப் பிடிப்பும் பழையனவாகவே இருக்கும். கார்ட்ரிட்ஜின் விட்டமும் நீளமும் பொருந்தினால் அது வேறு காருக்குச் செய்ததாக இருந்தாலும் பயன்படும். ஸ்டிரட் பொருத்திய பழைய கார்களுக்குச் செலவு குறைந்த வழி இதுவே.

கசிவு மட்டும் உள்ள அதிர்வுத்தாங்கியில் ஆயில் சீலை மாற்றி, உரிய தடிமன் உள்ள எண்ணெயை நிரப்பலாம். தண்டில் கீறல் இருந்தால் புதிய சீலும் விரைவில் கிழிந்துவிடும். தண்டுக்குக் கடைசல் பிடித்து மீண்டும் குரோம் பூச வேண்டும். அடைத்து மூடிய வகையை அறுத்துத் திறந்து வெல்டிங் வைப்பது ஆபத்தானது. எரிவாயு அழுத்தம் உள்ள வகையில் அது வெடிக்கவும் கூடும். அவ்வாறே, அழுத்தப்பட்ட சுருள் ஸ்பிரிங்கை உரிய கருவியின்றிக் கழற்றினால் அது பாய்ந்து உயிருக்கே கேடு செய்யும்.

புதுப்பேட்டை போன்ற சந்தையில் கழற்றிய பாகத்தை வாங்குபவர், தண்டை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தும்போதும் இழுக்கும்போதும் ஒரே சீரான தடை இருக்க வேண்டும். இடையில் வெற்றாக நழுவினால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள். துடைத்துப் பளபளப்பாக்கிய பாகத்தைவிட, தூசி படிந்தும் ஈரம் இல்லாத பாகமே நம்பத்தக்கது. எப்போதும் ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவைக் குறைக்க ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் இழுக்கலாம்.

சட்டநிலை

தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. அதன் பின் தகுதி ஆய்வு செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சஸ்பென்ஷன் சரியில்லாத கார் சாலையில் ஓடும் தகுதியை இழக்கும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய இடமளிக்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். இவ்வாறு பதிவு செய்த காரின் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்காகவே சாலையில் ஓட்டலாம். ஆகவே வேறு காரின் ஸ்டிரட்டைப் பொருத்துவதற்காகச் சேசிஸை வெட்டி ஒட்டுவது, பாதுகாப்போடு பதிவுக்கும் இடையூறாகலாம்.

மதிப்பீடு

ஒரு கார் எத்தனை நாள் உயிர்வாழும் என்பதை அதைச் செய்த நிறுவனம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை வண்டலூர்க் கார்களின் வரலாறு காட்டுகிறது. ஹெரால்டைச் செய்த நிறுவனம் மறைந்துவிட்டது. ஆனால் அதன் உறவான ஸ்பிட்ஃபயருக்காக உலகில் இன்றும் பாகங்கள் வார்க்கப்படுவதால் ஹெரால்டு பிழைக்கிறது. கெசலின் பின்பக்கம், உள்ளூர்ப் பட்டறை கட்டத்தக்க எளிய ஸ்பிரிங்கால் பிழைக்கிறது. இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு இந்த இரண்டு துணையும் இந்நாட்டில் வாய்க்கவில்லை. மிக நவீனமான சஸ்பென்ஷன் கொண்ட காரே முதலில் முடங்கியது.

இக்கார்களைக் கைப்பட அறிந்த மெக்கானிக்குகளின் தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. எந்தப் பாகத்துக்கு எது பொருந்தும் என்பது பெரும்பாலும் அவர்களின் நினைவிலேயே இருக்கிறது. அளவுகளையும் பொருத்தங்களையும் அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது, பழைய பாகங்களைச் சேர்த்து வைப்பதைப் போலவே அவசரமான பணி ஆகும்.